பழைய மஹிந்திரா பிக்கப்ல இன்ஜெக்ஷன் பெட்ரோல் என்ஜின்: டேங்க், பம்பு, லைன் எப்படி அமைக்கிறது?

உச்சிப்புளி பிக்கப்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா வாங்குன மஹிந்திரா ஜீப் பிக்கப் ஒண்ணு வீட்ல நிக்குது, 1978 மாடல், அதே பழைய ஜீப் மூஞ்சி, பின்னாடி பலகை அடிச்ச தொட்டி. ஹரிக்கேன் 2199 சிசி பெட்ரோல் என்ஜின்தான் இருந்துச்சு, பிளாக்ல கிராக் விழுந்துருச்சு, சாமான் தேடி அலுத்துப்போய் ராமநாதபுரத்துல ஒரு பட்டறையில அம்பாசடர்ல வந்த இசுசு 1.8 எம்பிஎப்ஐ (இன்ஜெக்டர் வச்சு பெட்ரோல் பீச்சுற) என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேத்து உக்கார வச்சாச்சு. மவுண்டு, புரொபெல்லர் சாப்ட், ரேடியேட்டர் எல்லாம் முடிஞ்சுது. இப்ப பாக்கி பெட்ரோல் சமாச்சாரம் மட்டும்தான், அதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதான் இங்க கேக்குறேன்.

வண்டிக்கு என்ன வேலைன்னா, மண்டபம் பாம்பன்ல மீன் ஏலம் எடுத்து ஐஸ் பெட்டியோட ராமநாதபுரம் வரைக்கும் கொண்டு போகணும். சில நாள் கரைவலை இழுக்குற எடத்துக்கே மண்ணுக்குள்ள எறக்கணும். மீன்பிடித் தடைக்காலத்துல ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் பெரும்பாலும் சும்மாதான் நிக்கும்.

பழைய டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு, உள்ள பூரா துரு, ஆனா ஒழுகல. அதையே கழுவி வச்சிட்டு பானெட்டுக்குள்ள ஒரு எலக்ட்ரிக் பம்பு மாட்டிக்கலாம்னு பட்டறையில சொல்றாங்க. பின் ஆக்சிலுக்கு முன்னாடி சேஸ் நடுவுல 60 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 20 உயரத்துக்கு எடம் காலியா இருக்கு, அங்க புது டேங்க் வைக்கலாமான்னு நான் யோசிக்கிறேன். நம்ம பக்கம் பைபர் படகு கட்டுறவர் ஒருத்தர் பைபர்லயே டேங்க் போட்டுத் தர்றேன் துருவே பிடிக்காதுன்னு சொல்றார், அது சரியா வருமா? லைனுக்கு ஏசி கடையில விக்கிற செம்புக் குழாய் வாங்கலாம்னு இருக்கேன். பம்பு எந்த சைஸ், டேங்க் எதுல செய்யலாம், மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் லைன் கண்டிப்பா வேணுமா? காசு ஓரளவு செலவு பண்ணத் தயார், ஆனா நடுரோட்டுல பாம்பன் பாலத்து மேல நின்னுறக் கூடாது.


பாம்பன் மெரைன்:

தம்பி, நான் விசைப்படகு என்ஜின் வேலை பாக்குறவன், டீசல்தான் நம்ம சோலி, ஆனா டேங்கும் உப்பும் ரெண்டுக்கும் ஒண்ணுதான் அதனால சொல்றேன்.

முதல்ல அந்த பைபர் யோசனைய விட்டுருங்க. படகுக்கு ஊத்துற சாதா பாலியஸ்டர் ரெசின் டீசலத் தாங்கும், இப்ப பெட்ரோல் பங்க்ல போடுறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் அந்த ரெசினை மெல்ல மெல்ல இளக்கிரும். இளகுனது பெட்ரோல்லயே கரைஞ்சு போய் வால்வுல கருப்பா பசை மாதிரி ஒட்டும், பில்டர்ல நிக்காது. அமெரிக்காவுல எத்தனால் கலக்க ஆரம்பிச்சப்ப பைபர் டேங்க் வச்ச பழைய உல்லாசப் படகுகள்ல இதே கததான் நடந்துச்சு, என்ஜினே போயிருக்கு. படகு கட்டுறவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லிருப்பார், அவர் பாக்குறது பூரா டீசல் டேங்க்.

ரெண்டாவது செம்புக் குழாய். வேணாம். ஓடுற வண்டியில அதிர்வுல செம்பு இறுகி இறுகி பிளேர் பண்ண (நுனி விரிச்ச) எடத்துல மயிரிழை கிராக் விடும், அதோட செம்பு பட்டா பெட்ரோல் சீக்கிரம் கெட்டு பிசின் கட்டும். செம்பு நிக்கல் கலந்த குழாய் கிடைக்கும், குப்ரோ நிக்கல்னு கேட்டு வாங்குங்க, கடல்தண்ணி ஓடுற கூலர்லயே அதத்தான் போடுறோம், உப்புக்கு அசராது, கையாலயே வளைக்கலாம். அது கிடைக்கலன்னா காருக்கு வர்ற நைலான் பெட்ரோல் குழாய். சாதா இரும்பு பிரேக் குழாய் நம்ம ஊர்ல கிளிப்பு மாட்டுன எடத்துலருந்தே அரிச்சிரும், அந்த எடத்துலதான் ஈரமும் மண்ணும் தங்கும்.

டேங்குக்கு அலுமினியம்னா 5052 இல்ல 5083 தகடு, 3 மில்லி. எஸ்எஸ் போடுறதா இருந்தா 304 வேணாம் 316 கேளுங்க, 304ல உப்பு பட்டா ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும், வெல்டிங் ஓரத்துல மொதல்ல விழும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரங்க துரு சோதனைக்கு மண்டபத்துல ஒரு நிலையமே வச்சிருக்காங்க, இந்தக் காத்து எப்பேர்ப்பட்டதுன்னு அதுலயே தெரிஞ்சுக்கலாம். அலுமினியத்த இரும்பு சேஸ் மேல நேரா வச்சு போல்ட் போடாதீங்க, உப்புத்தண்ணி நடுவுல நின்னா பேட்டரி மாதிரி ஆகி அலுமினியத்தத்தான் தின்னும். நடுவுல நைலான் இல்ல கெட்டியான ரப்பர் பட்டை வைங்க, ஆனா தண்ணி உறிஞ்சுற பஞ்சு, சாக்கு, கார்பெட்டு எதுவும் வேணாம், படகுல டேங்க் ஓட்டையானா கழட்டிப் பாத்தா அந்தப் பட்டைக்கு அடியிலதான் ஓட்டை இருக்கும்.

தடைக்காலத்துல டேங்க வடிச்சு காய வச்சு போடுங்க. படகுல டீசலையே நாங்க தண்ணி வடிச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்.


காரைக்குடி டியூனிங்:

பிக்கப் நண்பருக்கு, மேல அண்ணன் சொன்ன மெட்டீரியல் விஷயம் அத்தனையும் சரி, நான் பம்பு பக்கம் சொல்றேன்.

பானெட்டுக்குள்ள பம்பு வைக்கிற யோசனை இந்த என்ஜினுக்கு ஒத்தே வராது. உங்க ஹரிக்கேன்ல இருந்த மெக்கானிக்கல் பம்பு குடுத்தது கால் பார் சுமாருக்குத்தான், கார்புரேட்டருக்கு அது போதும். இன்ஜெக்ஷன் ரெயிலுக்கு, அதாவது இன்ஜெக்டருக்கெல்லாம் பெட்ரோல் பிரிச்சுக் குடுக்குற குழாய்க்கு, 3 பார் கிட்ட வேணும், பத்து மடங்குக்கு மேல. அந்த அழுத்தத்தைக் குடுக்குற எலக்ட்ரிக் பம்பு தள்ளுறதுல கெட்டிக்காரன், உறிஞ்சுறதுல ரொம்ப மட்டம். ரெண்டு மீட்டர் தூரத்துலருந்து மேல இழுக்கச் சொன்னீங்கன்னா இழுக்குற பக்கம் அழுத்தம் கொறையும், அழுத்தம் கொறைஞ்சா பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும், மே மாசத்துல தார் ரோட்டு சூடும் என்ஜின் சூடும் சேந்தா குழாய்க்குள்ளயே ஆவியாகிரும். ஆவிய பம்பு தள்ளாது, வண்டி விக்கி விக்கி நின்னுரும், கொஞ்ச நேரம் ஆறுனா மறுபடி ஸ்டார்ட் ஆகும், எல்லாரும் காயில் போச்சு சென்சார் போச்சுன்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க. அதனால டிசைன் டேங்க்லருந்துதான் ஆரம்பிக்கணும், பம்பு பெட்ரோலுக்குள்ளயே மூழ்கி இருக்கணும், அதான் எல்லாத்தையும் விட நல்லது. பெட்ரோல்தான் அந்த மோட்டாரக் குளுத்துறதே.

அளவு கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க என்ஜின் சுமார் 75 குதிரைசக்தி, அதாவது 55 கிலோவாட். பெட்ரோல் என்ஜின் முழு லோடுல ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 300 கிராம் சுமாருக்குக் குடிக்கும்னு வச்சுக்கங்க, 16 அரை கிலோ வருது. ஒரு லிட்டர் 740 கிராம்னா மணிக்கு 22 லிட்டர். இ20ல (20 சதவீத எத்தனால் பெட்ரோல்) சக்தி கம்மி, அதனால ஒரு 7 சதவீதம் கூட, 24 லிட்டர். பாதுகாப்புக்கு ஒண்ணரை மடங்கு வச்சாலும் 36தான். சாதாரண கார் பம்பே 3 பார்ல மணிக்கு 80, 100 லிட்டர் தள்ளும். யாராச்சும் ரேஸ் பம்பு 255 லிட்டர் போடுங்கன்னு சொன்னா கேக்காதீங்க, கூடுதலாத் தள்ளுனது பூரா ரெயில் வரைக்கும் போய் சூடாகித் திரும்ப டேங்குக்கே வரும், டேங்க் பூரா வெதுவெதுன்னு ஆகும், கரண்டும் வீண். ரிட்டர்ன் லைன் சின்னதா இருந்தா ரெகுலேட்டரால அழுத்தத்தை எறக்கவும் முடியாது.

ரிட்டர்ன் கண்டிப்பா வேணும். உங்க என்ஜின்ல ரெகுலேட்டர் ரெயில் மேலயே இருக்கும், அதுலருந்து ஒரு சின்ன வேக்கம் குழாய் மேனிபோல்டுக்குப் போகும். ரிட்டர்ன் லைன் இல்லாத புது கார்களோட பம்பு மாடியூல் (பம்பு, மிதவை எல்லாம் சேந்த செட்) சிலதுல ரெகுலேட்டர் டேங்குக்குள்ளயே இருக்கும், அதைப் போட்டீங்கன்னா ரெண்டு ரெகுலேட்டர் சண்டை போடும், மாடியூல் எடுக்கும்போது அதைப் பாத்து எடுங்க. சப்ளை 8 மில்லி, ரிட்டர்னும் 8 மில்லியே போட்டுருங்க. திரும்பி வர்ற பெட்ரோல் டேங்க்ல மேலருந்து ஊத்துற மாதிரி விடாம, பம்பு உக்காந்திருக்கிற கிண்ணத்துக்குள்ளயே விழுற மாதிரி விடுங்க, ஏன்னு அடுத்து சொல்றேன்.

நீங்க மண்ணுக்குள்ள எறக்குவேன்னு சொன்னீங்க. கால் டேங்க் பெட்ரோலோட கரையிலருந்து ஏறும்போது பெட்ரோல் பூரா பின் சுவத்துக்குப் போயிரும், பம்பு வாயில காத்துதான் இருக்கும். கார்புரேட்டர்ல மிதவைக் கிண்ணத்துல இருக்கிறத வச்சு கொஞ்ச நேரம் ஓடும், இன்ஜெக்ஷன்ல அப்படி சேமிப்பு கெடையாது, பம்பு ஒரு மடக்கு காத்து குடிச்சா அந்த நொடியே என்ஜின் வெட்டும். அதனால பம்பச் சுத்தி ஒண்ணு ஒண்ணரை லிட்டர் பிடிக்கிற கிண்ணம் வேணும், கார் மாடியூல்ல அது கூடவே வரும்.


கமுதி பழைய ஜீப்:

இவ்வளவு தலைவலி எதுக்கு தம்பி? இதே இசுசு 1.8 கான்டெஸாவுல கார்புரேட்டரோட வந்துச்சே. அந்த மேனிபோல்டு, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூணையும் காயலான் கடையில தேடிப் புடிச்சு மாட்டுனா பழைய டேங்கும் ஒரு சின்ன பம்பும் போதும். அழுத்தம் கால் பார், ஓஸ் பிச்சுக்கிட்டாலும் சொட்டும், பீச்சாது. நடுரோட்டுல நின்னாலும் ஒரு ஸ்பேனர வச்சு நானே சரி பண்ணிருவேன், ஈசியு (என்ஜினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போனா சாயல்குடியில யார்ட்ட போவீங்க? நான் ஓட்டுறது அந்தக் காலத்து வண்டி, வெயில்ல மழையில எல்லாம் ஓடுது. பழைய வண்டிய பழைய வண்டியாவே வச்சிருக்கிறது ஒரு மரியாதையும்கூட.


காரைக்குடி டியூனிங்:

ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு, ரோட்டுல நின்னா கையில சரி பண்ற வசதி கார்புரேட்டருக்குத்தான். ஆனா இந்த வண்டி தினம் மீன் ஏத்தப் போகுது, பங்க்ல கிடைக்கிறது இ20 மட்டும்தான். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கிறதால கார்புரேட்டர் பழைய ஜெட்டோட லீன் ஆகும் (காத்துக்கு பெட்ரோல் பத்தாது), ஜெட் பெருசாக்கணும், மிதவை ஊசி நுனி ரப்பர், பம்பு டயாப்ரம், கேஸ்கெட்டு எல்லாம் எத்தனால் தாங்குறதா மாத்தணும், துத்தநாகக் கலவை பாடி வெள்ளைப் பூத்துப்போகும். நிறுத்தி வச்ச வண்டியில மிதவைக் கிண்ணத்துல இருக்கிற கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்தான் மிச்சம் நிக்கும். இன்ஜெக்ஷன்ல ஆக்சிஜன் சென்சார் வேலை செஞ்சா ஈசியுவே ஓரளவு சரிக்கட்டிக்கும், லைன் பூரா மூடுன சிஸ்டம், காத்து படாது. துருப்பிடிச்ச டேங்க் ரெண்டுக்குமே ஆகாது. அதனால டேங்க் செலவு எப்படியும் இருக்கு, மிச்சம் இன்ஜெக்ஷனுக்கு ஆகுற கூடுதல் செலவு பம்பு மாடியூலும் ரிட்டர்ன் குழாயும்தான். வண்டி வாரம் ஒருக்கா கோயிலுக்குப் போற வண்டின்னா நானும் கார்புரேட்டர்தான் சொல்லிருப்பேன்.


கீழக்கரை லேத்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். டேங்க் செய்றவன்ங்கிற முறையில சில விஷயம் சொல்றேன் தம்பி.

எல்லாத்துக்கும் மொதல்ல இது: அந்தப் பழைய டேங்க எவன்கிட்டயும் வெல்டிங் பண்ணக் குடுக்காதீங்க. காலியாக் கெடக்குற பெட்ரோல் டேங்க் நெறஞ்ச டேங்க விட ஆபத்து, உள்ள இருக்கிற ஆவியும் காத்தும் ஒரு பொறி பட்டா குண்டு மாதிரி வெடிக்கும், சோப்புத்தண்ணி போட்டு கழுவிட்டேன் வெயில்ல காய வச்சிட்டேன்னு சொல்றதெல்லாம் போதாது, தையல் மடிப்புக்குள்ளயும் துருவுக்குள்ளயும் பெட்ரோல் ஒளிஞ்சிருக்கும், சூடு பட்டா அங்கருந்து கெளம்பும். அதோட சீட்டுக்கு அடியில பெட்ரோல் வச்சு ஓட்டுறது அந்தக் காலத்தோட போகட்டும். பின் ஆக்சிலுக்கு முன்னாடி சேஸ் ரெண்டு பக்கமும் காவல் மாதிரி இருக்கிற நீங்க சொல்ற எடம்தான் சரியான எடம், பக்கத்துலருந்து இடிச்சாலும் பின்னாடி இடிச்சாலும் சேஸ் வாங்கிக்கும்.

60க்கு 35க்கு 20ன்னா 42 லிட்டர் வரும். ஆனா எடம் பூராத்தையும் டேங்க்காக் கட்டிறாதீங்க, சுத்தி ரெண்டு சென்டிமீட்டராவது விடணும், சேஸ் முறுக்கும், டேங்க் முறுக்கக் கூடாது. பட்டை போட்டுத் தொங்க விடுங்க, காதுல நேரா போல்ட் போட்டா வெல்டிங் ஓரம் கிழியும். மேலயும் எடம் வேணும்ல, பம்பு மாடியூல் மூடி, ஓஸ் முனை எல்லாம் டேங்குக்கு மேல நாலஞ்சு சென்டிமீட்டர் நீட்டும். தொட்டிப் பலகையில அதுக்கு நேரா ஒரு சின்ன கதவு வெட்டி வச்சா பின்னாடி பம்பு மாத்த டேங்க எறக்க வேண்டாம், ஐஸ் தண்ணி அதுக்குள்ள வடியாம ஓரம் ஒசத்தி கட்டணும், ஐஸ் தண்ணியிலயும் உப்பு இருக்கு.

எல்லாம் கழிச்சு 23, 24 லிட்டர் நிக்கும்னு வச்சுக்கங்க. உள்ள குறுக்கால ரெண்டு தடுப்புத் தகடு, தடுப்போட அடி மூலையில அரைவட்டமா வெட்டி விடணும் பெட்ரோல் மெல்ல ஓடி வர்ற மாதிரி, மேல மூலையிலயும் வெட்டணும் காத்து போக. அடித்தகடு பம்பு பக்கம் லேசா சாயணும். பம்பு மாடியூலுக்கு வளையம் கடைஞ்சு பத்த வைக்கிறதுதான் இதுல கஷ்டமான வேலை, சூட்டுல வளையம் கோணிக்கும், கோணுனா ரப்பர் ரிங் உக்காராது, பெட்ரோல் நெறச்சா கசியும். அதனால வளையத்தை தடியா எடுத்து, பத்த வச்சப்புறம் மேல் மொகத்தை மில்லிங்ல ஒருக்கா சுத்தமா எடுத்துருவேன். மாடியூலோட உயரத்தை டேங்க் வரைய முன்னாடி அளங்க, கார் மாடியூல் நெறயப் பேர் 20 உயரத்துக்கு ஒத்துவராதுன்னு பின்னாடி கண்டுபுடிக்கிறாங்க. ஸ்பிரிங் வச்ச மாடியூல் கொஞ்சம் அமுங்கும், அதுலயும் ஒரு எல்லை உண்டு.

இன்னொரு வழியும் இருக்கு, செலவு கம்மி. காயலான் கடையில ஆக்சிடென்ட் ஆன கார்ல பிளாஸ்டிக் டேங்க் அதோட பம்பு, மிதவை, மூடி எல்லாம் முழுசா கிடைச்சா, உங்க எடத்துக்கு அளவு ஒத்து வந்தா அதையே வாங்கி மாட்டிருங்க. தடுப்பு, கிண்ணம், கவிழ்ந்தா மூடுற வால்வு எல்லாம் கம்பெனிக்காரனே யோசிச்சு வச்சிருப்பான், துருவும் இல்ல. எனக்கு வேலை போகுதேன்னு மறைக்க மாட்டேன். அடியில கல்லடி படாம ஒரு தகடு மட்டும் நான் போட்டுத் தர்றேன், அதுலயும் மண்ணு தண்ணி நிக்காம ஓட்டை வேணும்.


உச்சிப்புளி பிக்கப்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. பழைய டேங்க் வெல்டிங் விஷயம் படிச்சதும் பட்டறைக்கு போன் போட்டு நிப்பாட்டிட்டேன், அவங்க நாளைக்கு பத்த வைக்கிறதாத்தான் இருந்தாங்க.

கமுதி ஐயா கோவிச்சுக்காதீங்க, இன்ஜெக்ஷன்லயே போறேன், தினம் ஓடணும் அதான். பாய், பிளாஸ்டிக் டேங்க் ராமநாதபுரத்துல ரெண்டு கடையில கேட்டுப் பாத்தேன், இருக்கிறது எல்லாம் சேடில் மாதிரி நடுவுல மேடு வச்சது, என் சேஸ்ல உக்காராது. அதனால உங்ககிட்டயே 5052ல செய்ய வர்றேன், மாடியூலோட வர்றேன்.

ரெண்டு சந்தேகம். தடைக்காலத்துல பாம்பன் அண்ணன் வடிச்சுக் காய வைக்கச் சொல்றார், பம்பு பெட்ரோல்ல மூழ்கி இருக்கணும்னு காரைக்குடி அண்ணன் சொல்றார், ரெண்டுல எது? இன்னொண்ணு படகுல அண்ணன் போடுற மாதிரி அடியில கண்ணாடிக் கிண்ணம் வச்ச தண்ணி பிரிக்கிற பில்டர் எனக்கும் போடலாமா?


பாம்பன் மெரைன்:

டீசலுக்கு சொன்னத பெட்ரோலுக்கு நேரா எடுத்துக்க வேணாம் தம்பி, உள்ள பம்பு இருக்கிற டேங்க்னா நான் வடிக்கச் சொல்ல மாட்டேன். காத்துல இருக்கிற ஈரம் பம்பு முனையில பட்டு அரிச்சிரும். நெறச்சு வைங்க, நெறஞ்ச டேங்க்ல காத்துக்கு எடமில்ல, ராத்திரி குளுந்து பகல் சூடாகி மூச்சு விடுறப்ப உள்ள வர்ற ஈரமும் கொறையும். டீசல்ல தண்ணி தனியா அடியில நிக்கும், வடிச்சிரலாம். எத்தனால் பெட்ரோல் தண்ணிய தனக்குள்ள இழுத்து வச்சுக்கும், தாங்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து மொத்தமா பிரிஞ்சு அடியில எறங்கிரும், பம்பு வாயி அங்கதான் இருக்கு.

தண்ணி பிரிக்கிற பில்டர் எத்தனால்ல கலந்த தண்ணிய பிரிக்காது, அதனால அதுக்கு செலவு பண்ணாதீங்க. கண்ணாடிக் கிண்ணம், பிளாஸ்டிக் கிண்ணம் எதுவும் 3 பார் லைன்ல வரவே கூடாது.


காரைக்குடி டியூனிங்:

அண்ணன் சொன்னதேதான். தடைக்காலத்துல ஏத்தி நெறச்சு வச்சிட்டு, வாரம் ஒருக்கா கால் மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வாங்க, இன்ஜெக்டருக்கும் நல்லது. தடை முடிஞ்சதும் பாதி காலியானதும் புதுசா ஊத்துங்க.

பில்டர் விஷயத்துல, பம்பு வாயில வலை இருக்கும், டேங்க் பக்கம் அது போதும். பம்புக்கு அப்புறம் காருக்கு வர்ற இரும்பு உறை இன்ஜெக்ஷன் பில்டர் ஒண்ணு, இரும்பு உறைய உப்பு அரிக்கும்ங்கிறதால சேஸ்க்குள்ள மேல் பக்கமா மாட்டி, வருசம் ஒருக்கா மாத்திருங்க. கார்புரேட்டர் வண்டிக்கு வர்ற பிளாஸ்டிக் பில்டர் வச்சீங்கன்னா வெடிக்கும்.

ஓஸ் வாங்கும்போது மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு படிங்க. எஸ்ஏஇ ஜே30 ஆர்7ன்னு இருந்தா கார்புரேட்டர் ஓஸ், ஆர்9ன்னு இருந்தா இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு. பெட்ரோல் ஓஸ்னு கடைக்காரர் சொல்றத மட்டும் வச்சு வாங்காதீங்க. ஓஸ் எங்க வேணுமோ அங்க மட்டும், ஒரு சாண் அளவுக்கு மேல வேணாம், என்ஜின் ஆடுற எடத்துலயும் டேங்க் மூடிக்கிட்டயும் மட்டும். குழாய் நுனிய சும்மா வெட்டி சொருகாம ஒரு வளையம் மாதிரி புடைச்சு விடணும், இல்லன்னா 3 பார்ல ஓஸ் வழுக்கி வெளிய வந்துரும். கிளிப்புல பல்லு வெட்டுன திருகு கிளிப் ரப்பர அறுத்துரும், போல்ட் போட்டு உருண்டையா இறுக்குற இன்ஜெக்ஷன் கிளிப் கேளுங்க, எஸ்எஸ்ல கிடைக்கும். டேங்குக்குள்ள மூழ்குற ஓஸ் வேற, வெளிய போடுறத உள்ள போட்டா வெளித்தோல் ஊறிப்போய் பிரியும், அதுக்குத் தனியா ஆர்10னு வருது. ரப்பர் ரிங் எல்லாம் பெட்ரோல் தாங்குற வைட்டான் ரப்பர்ல வேணும்.

லைன் சைலன்சர் இல்லாத பக்கம் சேஸ் உள்பக்கமா போகட்டும், ஒரு அடிக்கு ஒரு ரப்பர் வச்ச கிளாம்ப்.


பரமக்குடி எலக்ட்ரிகல்:

வயரிங் பத்தி யாரும் சொல்லல. பம்புக்கு சாவியிலருந்து நேரா கரண்ட் குடுத்துறாதீங்க, ரிலே வழியா, அந்த ரிலேய ஈசியு இயக்குற மாதிரி. சாவி போட்டதும் ரெண்டு மூணு செகண்டு பம்பு ஓடி நிக்கணும், என்ஜின் சுத்துனாத்தான் திரும்ப ஓடணும். வண்டி மோதி என்ஜின் நின்னா பம்பும் நிக்கணும்ங்கிறதுதான் இதோட கருத்து. கூடவே மோதுனா தட்டி விடுற இனெர்ஷியா சுவிட்ச் ஒண்ணு பழைய கார்லருந்து எடுத்து சீரிஸ்ல போடுங்க. 15 ஆம்பியர் பியூஸ், ரெண்டரை ஸ்கொயர் வயர், பேட்டரி பக்கத்துலயே பியூஸ். எர்த்தும் அதே தடிமன்ல சேஸ்க்கு, பெயிண்ட் சொரண்டி போல்ட் போட்டு மேல கிரீஸ் தடவணும், நம்ம பக்கம் எர்த் போல்ட்டு பச்சை பூத்து வோல்டேஜ் எறங்கி பம்பு மெதுவா சுத்துற கேசுதான் பெரும்பாலும் வருது. ரப்பர் பட்டையில உக்காந்திருக்கிற அலுமினிய டேங்குக்கும் பெட்ரோல் ஊத்துற வாய்க்கும் தனியா ஒரு எர்த் வயர் வேணும், பெட்ரோல் ஓடுறப்ப நிலைமின்சாரம் சேரும்.

மீட்டர் முள்ளு: உங்க பழைய டேஷ்போர்டு மீட்டரும் கார் மாடியூல் மிதவையும் ஓம்ஸ் ஒத்துப்போகாது, காலி நெறவு தலைகீழாக்கூட காட்டும். மிதவைய ரெண்டு கோடியிலயும் மல்டிமீட்டர்ல அளந்துட்டு டேங்க மூடுறதுக்கு முன்னாடியே சரி பண்ணிக்கங்க.

என்ஜின் மாத்துனதுக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கியாச்சா? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்சியில இருக்கிறதுக்கு மாறா மாத்தக் கூடாது, டிஎன் 65 ஆபீஸ்ல புது என்ஜின் நம்பர ஏத்திக்கங்க, இல்லன்னா ஒரு விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கையை விரிச்சிரும்.


கீழக்கரை லேத்:

மூச்சுக்குழாய மறந்துறாதீங்க தம்பி. டேங்க் காலியாக ஆக காத்து உள்ள வரணும், வரலன்னா பம்பு கீச்சு கீச்சுன்னு கத்தும், தகடு உள்வாங்கும். டேங்கோட உச்சியிலருந்து கவிழ்ந்தா மூடுற வால்வு வச்சு, அங்கருந்து ஓஸ சேஸ்க்கு மேல கேபின் பின்சுவர் ஒசரம் வரைக்கும் ஏத்தி, கார்பன் கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவிய உறிஞ்சுற கரி டப்பா) போட்டு, அதோட மூச்சு நுனிய கீழ்ப்பக்கமா திருப்பி விடுங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தனுஷ்கோடி ரோட்டுல மண்ணு எப்படிப் பறக்கும்னு உங்களுக்கே தெரியும், நுனியில சின்ன பஞ்சு பில்டர் ஒண்ணு. கேனிஸ்டர் வச்சா மூடி மூச்சு விடாத மூடியா இருக்கணும்.

டேங்க் முடிஞ்சதும் நான் சோதிச்சுத்தான் குடுப்பேன், கால் பாருக்குள்ள காத்து ஏத்தி சோப்புத்தண்ணி. கம்ப்ரசர நேரா மாட்டி அஞ்சாறு பார் விட்டா தட்டையான டேங்க் உப்பி கிழிஞ்சிரும், அத மட்டும் எந்தப் பட்டறையிலயும் செய்ய விடாதீங்க.


உச்சிப்புளி பிக்கப்:

ஆர்சிக்கு மனு குடுத்தாச்சு அண்ணே, இன்ஸ்பெக்ஷனுக்கு வண்டிய ஓட்டிட்டுப் போகணும், அதான் அவசரமே.

இப்ப முடிவு பண்ணது: 5052 டேங்க் சேஸ் நடுவுல, உள்ள ரெண்டு தடுப்பு, கார் மாடியூல் ரெகுலேட்டர் இல்லாததா பாத்து, குப்ரோ நிக்கல் 8 மில்லி ரெண்டு லைன், ஆர்9 ஓஸ், ரிலே, இனெர்ஷியா சுவிட்ச். குழாய் மதுரையில கிடைக்கிறதா சொல்றாங்க. மொத தடவ சாவி போடும்போது என்ன வரிசையில பாக்கணும்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும், பட்டறையில இன்ஜெக்ஷன் பழக்கமில்லாதவங்க.


காரைக்குடி டியூனிங்:

மொத நாள் வெட்டவெளியில வைங்க, பட்டறைக்குள்ள வேணாம், பவுடர் தீயணைப்பான் கையெட்டுற எடத்துல, தண்ணி வாளி இதுக்கு உதவாது. அஞ்சு லிட்டர் மட்டும் ஊத்துங்க. இக்னிஷன் காயில் பிளக்கைக் கழட்டிட்டு, ரெயிலுக்கு முன்னாடி டீ இணைப்பு (மூணு வாய் வச்சது) போட்டு பிரஷர் கேஜ் மாட்டி, ரிலேயில ஜம்பர் போட்டு பம்ப மட்டும் ஓட்டுங்க. ஒருத்தர் கேஜப் பாக்கட்டும், ஒருத்தர் டார்ச் அடிச்சு ஒவ்வொரு மூட்டையும் விரலால தடவிட்டு வரட்டும், ஈரம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி வெரலுக்குத் தெரியும்.

என்ஜின் ஓடாம கேஜ்ல 3 பார் கிட்ட நிக்கணும், உங்க ரெகுலேட்டர் மேல அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. அதுக்கு மேல ஏறுனா ரிட்டர்ன் எங்கயோ நெரிஞ்சிருக்கு, பம்ப நிறுத்துங்க. ஸ்டார்ட் ஆனப்புறம் ஐடிலிங்ல இரண்டரைக்கு எறங்கும், வேக்கம் குழாயப் புடுங்குனா திரும்ப 3க்கு ஏறணும், ஏறலன்னா ரெகுலேட்டர் போச்சு, குழாய்க்குள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா உள்ள டயாப்ரம் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆப் பண்ணதும் அழுத்தம் சட்டுன்னு பூஜ்யத்துக்கு விழக் கூடாது, மெல்ல எறங்குனா சரி, உடனே விழுந்தா பம்போட செக் வால்வையோ இன்ஜெக்டர் கசிவையோ பாருங்க, அந்தக் கோளாறுதான் மத்தியான வெயில்ல ஏலக்கூடத்துல நிறுத்திட்டு திரும்ப செல்ப் அடிக்கும்போது ரொம்ப நேரம் இழுக்க வைக்கும்.

எல்லாம் சரின்னா கேஜக் கண்ணாடியில ஒட்டி வச்சுக்கிட்டு கால் டேங்கோட கரையில ஒரு மேடு ஏறி எறங்கிப் பாருங்க, முள்ளு ஆடாம நின்னா கேஜக் கழட்டி டீய எடுத்துட்டு முழு குழாயா மாட்டிருங்க, கேஜோட ரோட்டுல ஓட்ட வேணாம். நூறு கிலோமீட்டர் ஓடுனதும் எல்லா கிளிப்பையும் ஒருக்கா இறுக்கிப் பாருங்க, புது ரப்பர் அமுங்கி லூசாகும். இன்ஸ்பெக்ஷன் தேதி சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கேனர எடுத்துக்கிட்டு உச்சிப்புளி வர்றேன்.